பதினெட்டுக் கல்லும் பட்டுத் துணியும்

நலம் பெருகுக. நீர் வற்றாதிருக்க. நெறி பிறழாதிருக்க.

செவ்வாறு பாயும் ஏழு கூற்றத்துக்கும் உடையவராய், மலைக்கோட்டம் முதல் கழிமுகம் வரை ஒரு குடை நிழல் பரப்பியவராய், தாம் சொன்ன சொல்லைத் தாமே மீறாதவர் என்று பகைவராலும் சொல்லப்படுபவராய் விளங்கும் செவ்வாறை நாட்டு அரசி மல்லிநங்கை மாதேவியாரின் திருமுன்பிலிருந்து, அவர்தம் ஓலைநாயகன் மூவாதான் கைப்பட எழுதியது.

மணற்குன்ற நாட்டுக்கு எம் வாழ்த்து. அந்நாட்டின் நுரையாற்றுக்கும், அதன் கரையில் உப்பு வாரும் கைகளுக்கும் வாழ்த்து. பேரவையின் முப்பது இருக்கைகளுக்கும், ஊருக்கு ஒன்றாக அவற்றின் மேல் வீற்றிருக்கும் முப்பது கற்களுக்கும் வாழ்த்து. தம்மைத் தாமே நாட்டுநாயகம் என்று அழைத்துக்கொள்ளும் தண்டத்தலைவர் துடியரையருக்கும் ஒரு வரி சேர்க்கலாமா என்று அடியேன் பணிந்து கேட்டபோது, ஓலை வீணாகும் என்று மாதேவியார் திருவாய் மலர்ந்தருளினார். ஆகவே வாழ்த்து இத்தோடு முடிந்தது.

மற்ற ஓலைகளில் அரசியார் தாமே பேசுவது வழக்கம். இந்த ஓலைக்கு மட்டும், “அந்த மனிதர் பெயரைச் சொன்னால் நான் மறுபடி வாய் கொப்பளிக்க வேண்டிவரும். நீரே எழுதும் மூவாதரே, உமக்குத்தான் வாய் நீளம்” என்று கட்டளையாயிற்று. எனவே அரசியார் கண்டதும் கேட்டதும் மனத்தில் கொண்டதும் அடியேன் சொல்லில் வருகின்றன. காரம் கூடியிருந்தால் அது அடியேன் கைவரிசை. பொருள் முழுதும் அரசியாருடையது.

பிறநாட்டு முத்திரை ஓலையைப் பேரவை கூடியிருக்க, எழுந்து நின்று, ஓர் எழுத்தும் விடாமல் வாசிக்க வேண்டும் என்பது மணற்குன்றத்தின் பழைய வழக்கம். அவை வாசகர் அவ்வாறே வாசிக்கக் கடவர். துடியரையர் நடுவில் கையசைத்தாலும் கனைத்தாலும் நிறுத்த வேண்டியதில்லை.

இனி விஷயம்.

துடியரையருடைய ஓலை வந்தபோது மாதேவியார் யானைக்கொட்டிலில் இருந்தார். ஒரு கன்றின் காலில் முள் ஏறி, அதைப் பாகர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசியார் கன்றின் காதைத் தடவிக்கொண்டு நின்றார். ஓலையை அங்கேயே படிக்கச் சொன்னார். அடியேன் படித்தேன். மணற்குன்றத்தின் நாட்டுநாயகமாக இருந்த சேந்தன் கூத்தனார் பேரவையால் முறைப்படி நீக்கப்பட்டார் என்றும், தண்டனைக்குத் தப்பிச் செவ்வாறையில் ஒளிந்திருக்கிறார் என்றும், அவரைக் கைகட்டி அனுப்பாவிட்டால் அறுவடைக்கு முன்னே யானைப்படை எல்லை தாண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அடேயப்பா, என்ன அதட்டல்! கூத்தனாரின் தலையை எந்த வாசலில் வைக்கப்போகிறார் என்பதைக்கூட எழுதியிருந்தார்.

அரசியார் அதற்கெல்லாம் முகம் மாறவில்லை. ஓலையின் கடைசிப் பகுதிதான் அவரைத் தைத்தது. வந்திருந்தவர் இருபத்தெழுவர், அதில் பதினெட்டுக் கல் பானையில் விழுந்தது, மூன்றில் இரண்டு பங்கு சரியாக நிறைந்தது என்று துடியரையர் எழுதியிருந்தார். இந்தக் கணக்கைச் செவ்வாறை மறுக்க முடியாது, ஏனென்றால் வந்தவரை மட்டும் எண்ணுவது செவ்வாறையின் சொந்த விதி, அந்த விதியால்தான் மாதேவியாரின் உடன்பிறந்த தம்பி குமிழவேள் பதவி இழந்தார், தம்பிக்கு ஒரு நியாயம் அயலாருக்கு ஒரு நியாயமா என்றும் கேட்டிருந்தார்.

கன்றின் காதிலிருந்து அரசியாரின் கை விலகியது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டார், பாரும் என்றார்.

அன்று பிற்பகல் அமைச்சர்களில் இருவர், ஒரு வயதான மனிதருக்காக அறுவடையைப் பாழாக்குவதா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். விருந்தினர் மாளிகையில் காய்ச்சலோடு படுத்திருந்த கூத்தனார் காதுக்கும் அது எட்டிவிட்டது. அவர் போர்வையோடு எழுந்துவந்து, தம்மை அனுப்பிவிடும்படி அரசியாரிடம் வேண்டிக்கொண்டார். தாம் செய்த குற்றம் என்று சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: நுரையாறு கரையுடைத்த ஆண்டில், படைக்கென்று பூட்டி வைத்திருந்த களஞ்சியத்தைத் திறந்து உப்பளத்துக் குடிகளுக்கு நெல் அளந்தது. அதை மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன், அதற்காக உங்கள் பிள்ளைகள் சாக வேண்டாம் தாயே என்றார். உட்காருங்கள் ஐயா, காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று மட்டும் அரசியார் சொன்னார். ஆனால் அவர் கண் நிறைந்திருந்ததை அடியேன் பார்த்தேன். ஒரு மனிதரின் உயிர் எண்ணிக்கையில் தொங்குகிறது என்றால் அந்த எண்ணிக்கையை நாமே எண்ணிப் பார்ப்போம் என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

எண்ணிப் பார்த்தோம். கேளும்.

ஆள்பவரை நீக்க எந்த நாடும் எளிதான வழி வைக்கவில்லை. எதைக் கண்டு பயந்ததோ அதற்கேற்ற பூட்டை ஒவ்வொரு நாடும் செய்துகொண்டது. முத்தீவில் அவையோர் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும், தலைவர் அன்றே அதிகாரத்தை விட்டு ஒதுங்கி நிற்பார். ஆனால் நீக்கம் முடிவாவது ஒன்பது நடுவர் கூடி ஆராய்ந்து ஒப்பினால்தான். கூட்டத்தின் ஆத்திரத்துக்குப் பயந்த நாடு அது. கோடைமலையில் திரைக்குப் பின்னே போய் ஓலை நறுக்கைக் குடத்தில் போடுவார்கள், யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. எதிர்த்து எழுந்து நின்றவர்களை ஒரு தலைவன் பிறகு தேடித்தேடி அழித்தானாம். அதன் பின் வந்த திரை அது.

மணற்குன்றத்தின் பயம் வேறு. உங்கள் முன்னோர் காலத்தில் வெள்ளம் ஊரைத் துண்டாடியிருந்தபோது, தலைநகரில் இருந்த சிலர் மட்டும் கூடி ஒரு நாயகத்தை விரட்டிவிட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் நாடே கொதித்தது. அதன் பிறகுதான் கல் வழக்கம் வந்தது. ஒவ்வோர் ஊரும் தன் மண்ணிலிருந்து ஒரு கல்லைக் குறி வெட்டி அனுப்பும். அந்தக் கல் அவ்வூர் உறுப்பினரின் இருக்கையில் இருக்கும். நாயகம் நீங்க வேண்டும் என்பவர் தம் கையால் தம் கல்லை எடுத்துப் பானையில் இட வேண்டும். எடுக்காத கல் நாயகத்தின் பக்கம். வராதவரின் கல்லும், நோயில் கிடப்பவரின் கல்லும், இறந்தவரின் கல்லும் அவரவர் ஊர் வேறொருவரை அனுப்பும்வரை நாயகத்தின் பக்கமே. முப்பது இருக்கைக்கு இருபது கல் விழ வேண்டும். வந்தவர் எத்தனை பேர் என்று உங்கள் நாட்டில் யாரும் எண்ணியதே கிடையாது. பதினெட்டு இருபதாகாது என்பதற்கு ஓலை எழுத வேண்டுமா, துடியரையரே?

எங்கள் நாட்டின் பயத்தையும் சொல்கிறேன். எங்களுக்கு வெள்ளம் இல்லை, கோழைகள் உண்டு. பதவியில் இருப்பவரைப் பகைக்கவும் மாட்டார்கள், காக்கவும் மாட்டார்கள். வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்களால் தீர்ப்பு தொங்கிப்போகக் கூடாது என்றுதான் வந்தவரை மட்டும் எண்ணுகிறோம். ஆனால் அந்த விதி தனியாக வரவில்லை. குற்றம் சாட்டுவது ஊரவை, தீர்ப்பது மூத்தோர் அவை. சாட்டிய வாய் தீர்க்கக் கூடாது. அந்த நாளில் தலைமை ஏற்பவர் அறநடுவர். அடுத்துப் பதவிக்கு வரப்போகிறவர் அந்தக் கூடத்தின் படியையும் மிதிக்கக் கூடாது. கல்லும் இல்லை, திரையும் இல்லை. எழுந்து, பெயரும் ஊரும் சொல்லி, நீங்குக அல்லது நிற்க என்று ஊர் கேட்க உரைக்க வேண்டும். நீரோ குற்றமும் சாட்டினீர், தலைமையிலும் அமர்ந்தீர், முதல் கல்லையும் போட்டீர், எண்ணியதும் நீர், முடிவில் நாற்காலியில் ஏறியதும் நீர். எங்கள் வீட்டுக் கதவில் ஒரே ஒரு தாழ்ப்பாளை மட்டும் கழற்றிக்கொண்டுபோய், இது செவ்வாறையின் கதவு என்று காட்டுகிறீர். யார் காதில் பூச்சுற்றுகிறீர்?

குமிழவேள் செய்தியையும் எழுதிவிடுகிறேன். எழுதும், மறைக்காதீர் என்று அரசியார் சொன்னார். ஏழு கூற்றங்களில் ஒன்றை ஆண்டவர் அவர். அரண்மனைப் படையை ஓர் ஊர்ச்சண்டைக்கு அனுப்பியது அவர் குற்றம். மூத்தோர் அவை அவரை ஒரே ஒரு குரலால் நீக்கியது. அவருடைய நண்பர்கள் இருவர் அன்று வயிற்றுவலிக்காரர்கள். அவர்கள் வந்து நிற்க என்று சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். வாசலுக்கு வெளியே பல்லக்கில் அரசியார் இருந்தார். ஆளனுப்பி அந்த இருவரையும் தூக்கிவர எவ்வளவு நேரம் ஆகும்? அனுப்பவில்லை. அரசியின் ஆள் வந்து அழைத்தால் அது அழைப்பாகாது, அச்சுறுத்தல் ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். தம்பி அன்றே மலைக்குப் போனார். இன்றுவரை தமக்கைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதில்லை. பந்தியில் அவருக்கு இன்றும் இலை போட்டு, அப்படியே எடுக்கிறார்கள். அந்த இலையைப் பார்த்துக்கொண்டே தினமும் உண்ணுகிறவர் எங்கள் அரசியார். தம்பியைக் கொடுத்துக் காத்த விதியைத் திருடனுக்கு இரவல் தரமாட்டேன் என்று அவர் சொல்லச் சொன்னார். இந்த ஒரு வரியை மட்டும் எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன்.

சரி, போகட்டும். எங்கள் விதிதான் வேண்டும் என்று நீர் அடம்பிடிப்பதால், அதை முழுவதும் தருகிறோம், வாங்கிக்கொள்ளும். வந்தவரை எண்ணுக என்று சொல்லும் அதே விதி, அடுத்த வரியிலேயே இன்னொன்றும் சொல்கிறது: வரப் புறப்பட்டு, வழியில் பிறரால் மறிக்கப்பட்டவர் வந்தவராகவே எண்ணப்படுவார். அந்த வரியை உமக்குப் படித்துக் காட்டியவர் விட்டுவிட்டார் போலும்.

உங்கள் அவையில் அன்று வராதவர் மூவர். மேல்பாடி உறுப்பினர் இறந்துபோனார். ஆலம்பொழிலார் படுக்கையில் கிடந்தார். மூன்றாமவர் உப்பளத்துறை உறுப்பினர் பூதங்கண்ணியார். அந்த அம்மையார் வர மனமில்லாமல் நின்றவர் அல்லர். அவர் துறைக்கு வந்தபோது துறையில் இருந்த படகெல்லாம் அடியில் ஓட்டையோடு கவிழ்ந்து கிடந்தன. உமது வீரர் இருவர் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆற்றில் வெள்ளம் அம்மா, திரும்பிப் போங்கள் என்றார்களாம். வழக்கத்துக்கு மேல் ஒரு சாண்கூட அன்று தண்ணீர் பெருகவில்லை என்று துறைக்காரர் எல்லாரும் சொல்கிறார்கள். தலைநகர்ச் சாலையையும் உமது ஆட்கள் அடைத்திருந்தார்கள்.

பூதங்கண்ணியார் வெற்றுக் கள்ளுப் பானைகளைக் கட்டி மிதவையாக்கி, ஆற்றோடு வந்து எங்கள் எல்லைக் காவலில் கரையேறினார். எல்லைக் காவலர் பயந்துவிட்டார், அவ்வளவு வசவு. மாதேவியார் முன்னே நனைந்த சேலையோடு வந்து நின்றவரை, அவைக்கு ஏன் போகவில்லை என்று முறைப்படி கேட்டோம். “என்னையா கேக்கறீங்க? படகுல ஓட்டை போட்டவனைப் போய்க் கேளுங்க! எங்க பிள்ளைங்க பசியில கத்தினப்போ நெல்லு குடுத்த மனுசனுக்குக் கல்லெடுப்பேனா நான்? கையி அழுகிப்போகாது?” என்று கத்தினார். அரசியார் வாய்விட்டுச் சிரித்ததை வெகுநாளுக்குப் பின் அன்றுதான் அரண்மனை கேட்டது.

ஆகவே எங்கள் விதிப்படி வந்தவர் இருபத்தெண்மர். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமானால் பத்தொன்பது கல் விழ வேண்டும். உமது பானையில் இருப்பது பதினெட்டு. உங்கள் விதியில் இரண்டு கல் குறைவு, எங்கள் விதியில் ஒரு கல் குறைவு. ஐயோ பாவம், இரண்டு நாட்டு விதியையும் உடைத்தும் உமக்கு ஒரு கல் கிடைக்கவில்லை!

அந்தக் கல் எங்கே இருக்கிறது என்பதும் எமக்குத் தெரியும். எம் தூதர் உமது பேரவையில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வராத மூவரின் இருக்கைகள் மேல் சிவப்புப் பட்டுத் துணி போர்த்தியிருக்கிறீராம். பட்டின் நடுவே மூன்று புடைப்புகள் தெரிகின்றனவாம். அந்த இருக்கைகள் கணக்கில் இல்லை என்றால் கற்களை எடுத்து எறிந்திருக்கலாமே. எறியச் சொன்னீர், உமது வீரர் மறுத்தார்கள். பிறவூர்க் கல்லைத் தொட்டால் தம் ஊரில் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள் என்று உமது சொந்த மெய்க்காவலரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நீராவது தொட்டீரா? நீரும் தொடவில்லை. பேரவையை ஏமாற்றத் துணிந்தவருக்கு ஒரு கூழாங்கல்லைத் தொடத் துணிவில்லை. துணி போர்த்தினீர்.

மாதேவியார் இதைக் கேட்டதும்தான் உம்மீது இருந்த கோபத்தில் கொஞ்சம் அலுப்பும் கலந்தது. இவரிடம் நாம் படையோடு மோத வேண்டியதில்லை மூவாதரே, அந்தப் பட்டை விலக்கினால் போதும் என்றார்.

எனவே மாதேவியாரின் கட்டளைகள் பின்வருமாறு.

சேந்தன் கூத்தனார் கைகட்டி அனுப்பப்படமாட்டார். காய்ச்சல் தணிந்ததும், மணற்குன்றத்தின் நாட்டுநாயகத்துக்கு உரிய கொடியோடும் குடையோடும், எல்லைவரை மாதேவியாரே உடன் நடந்து வழியனுப்புவார். எல்லையில் யானைகள் நின்றால் எமது யானைகளும் நிற்கும். அவற்றில் ஒன்றின் காலில் இருந்த முள்ளை இப்போது எடுத்தாயிற்று.

அவையோரே, இனி வருவது உங்களுக்கு. தோற்றுப்போன நீக்கத்தைக் கொண்டுவந்தவர் தம் கல்லைத் தாமே சுமந்து, காவலும் குதிரையும் இன்றி, தம் ஊருக்கு நடந்து போய் ஊர்நடுவில் வைக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். அதை எங்கள் நாட்டார் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களில் பதினெண்மர் கல்லிட்டீர்கள். அது உங்கள் உரிமை, அதில் எமக்குச் சினம் இல்லை. ஒன்பதின்மர் துடியரையரின் ஆள் வாளோடு நிற்கையிலும் கல்லை எடுக்காமல் இருந்தீர்கள். மாதேவியார் உங்கள் ஒன்பதின்மரையும் கைகூப்பி வணங்குகிறார்.

முத்திரை ஓலை கொண்டுவருபவரை எந்த நாட்டிலும் எவரும் மறிக்கக் கூடாது என்பது ஏழு நாட்டுக்கும் பொது. உங்கள் எல்லையிலும் சாலையிலும் வாசலிலும் இந்த ஓலையைக் கண்டு வழிவிட்ட வீரர், கொண்டுவந்தவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டார்கள். துடியரையரும் பார்த்திருக்கமாட்டார், அவருக்கு உப்பளத்து முகங்கள் எல்லாம் ஒன்று.

அவை வாசகர் இவ்விடத்தில் நிறுத்தி, ஓலையை நீட்டிய அம்மையாரைத் திரும்பிப் பார்க்கக் கடவர்.

அவர்தாம் பூதங்கண்ணியார். வழிவிடுங்கள். அவர் தம் இருக்கைக்கு நடந்து போய், தம் கையால் பட்டை விலக்கி, தம் ஊர்க் கல்லின் பக்கத்தில் அமரட்டும்.

செவ்வாறைப் பேரரசியின் மீன்கொத்தி முத்திரை இதன் கீழ் இடப்பட்டது. ஓலைநாயகன் மூவாதான் எழுத்து. மாதேவியார் கேட்டு, ஆம் என்றார். நீர் நிற்க, நெறி நிற்க, சொன்ன சொல் நிற்க.

துடியரையரே, உமது கல் பானைக்குள் கிடக்கிறது. கையை விட்டு எடும். உமது ஊருக்குத் தூரம் அதிகம் என்று கேள்வி.